முதல் பந்தியில் எனக்கும் ஓர் இலை

தம்பி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். நம் வீட்டில் கோபம் வந்து சாப்பாட்டைக் குறைத்தவர்கள் யாரும் கிடையாது. நேற்று பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "யாரக் கேட்டும்மா நீ ஒத்தக்கடைக்குப் போன? பொண்ணு வீட்ல போயி வயித்த அறுத்த கதையெல்லாம் எதுக்குச் சொன்ன?" என்று கத்தினாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "கல்யாணத்தன்னைக்காவது பந்தியில வந்து உக்காராத. ரூம்லயே எதையாச்சும் குடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அம்மா காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்பதை மறந்துவிட்டாய். பேச்சுக்கு நடுவே லைன் அறுந்தால் மறுபடி போட்டுக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் எழுதுகிறேன். போனை வைப்பதுபோல் கடிதத்தை வைத்துவிட முடியாது. மேஜையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில், முதல் பந்தியில், எல்லாரோடும் நான் உட்காரத்தான் போகிறேன். இதில் மாற்றம் இல்லை. ஏன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். படித்து முடித்ததும் சுகன்யாவிடமும் கொடு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் படிக்கக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. மூடி வைத்ததெல்லாம் போதும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் சாதாரண உடம்புக்காரிதான். கல்யாண போட்டோவில் பார்த்திருப்பாய், உங்கப்பாவின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பேன். அப்புறம் ஷிப்டு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, டிரங்க் கால் வந்துகொண்டே இருக்கும். வாய்க்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் எதையாவது போட்டு மெல்லுவோம். வீட்டுக்கு வந்தால் உன் தட்டில் மிஞ்சியது, உங்கப்பா தட்டில் மிஞ்சியது, சட்டியில் ஒட்டியது எல்லாம் என் பங்கு. என் குரலை மட்டும் தெரிந்த ஒரு பட்டாசுக் கடைக்காரர் ஒரு தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து நேரில் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த மேடம் இன்னைக்கு லீவுங்களா?" என்று என்னிடமே கேட்டார். "ஆமா, லீவு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதை நான் சிரித்துச் சிரித்து உனக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொன்னதில்லை.

"வாயக் கட்டினாப் போதும்மா, தெனமும் நடந்தாப் போதும்மா" என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன். நான் கட்டாத வாயா? கொள்ளுக் கஞ்சி, வெந்தயத் தண்ணீர், தேனும் எலுமிச்சையும் எல்லாம் பார்த்தாகிவிட்டது. திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் போய் மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், முழங்கால் இடம் கொடுத்தவரை. வயிற்றில் பெல்ட்டைக் கட்டி உலுக்குகிற இடத்துக்கும் போனேன். எடை குறையும். உங்கப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். அப்புறம் கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரன் மாதிரி, போன எடை தானாகத் திரும்பி வரும். வரும்போது துணைக்கு இன்னும் நாலு கிலோவைக் கூட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் நான்தான் தோற்றேன் என்று நினைத்தேன், நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

திருமங்கலத்தில் உன் பேரையூர் அத்தை மகள் கல்யாணத்தில் நாற்காலி உடைந்ததை நீ பார்க்கவில்லை, உனக்கு லீவு கிடைக்கவில்லை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. மேளம் வாசித்துக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் படியேறும்போதே யாராவது ஒருவர் ஓடிப்போய் ஒரு நாற்காலியின் மேல் இன்னொன்றைச் செருகி வைப்பார். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் மண்டபத்தில் அத்தனை பேருக்கும் ஒற்றை நாற்காலி, எனக்கு மட்டும் இரட்டை. உட்கார்ந்தால் மற்றவர்களைவிட ஒரு விரற்கடை உயரமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருப்பேன். அதனாலேயே எத்தனையோ விசேஷத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கிறேன்.

முழங்கால் டாக்டர்தான் கடைசியில் வழி சொன்னார். "இந்த எடையோட மூட்ட மாத்துனா அதுவும் தேஞ்சுரும்மா, மொதல்ல எடையக் கொறைங்க" என்று கோயம்புத்தூரில் ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். நானும் உங்கப்பாவும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். அந்த சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பை ஒரு தோல்பை மாதிரி அகலமாக இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓரம் பிடித்துத் தைத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய். குடலை இதில் தொடுவதில்லை. கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும். பசியைக் கிளப்பிவிடும் ஒரு சுரப்பு, வெட்டி எடுக்கிற பக்கத்தில்தான் அதிகமாம், அதுவும் குறைந்துவிடும். முக்கியமாக இன்னொன்று சொன்னார். உடம்பு தன் பழைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கே திரும்பப் பார்க்குமாம். எத்தனையோ வருஷமாக என்னோடு மல்லுக்கட்டியது என் சோம்பேறித்தனம் இல்லை, என் உடம்புதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். உங்கப்பா பயந்துபோய் ஆபரேஷன் வேண்டாம் என்றார். நான் வேண்டும் என்றேன்.

அடுத்த தடவை நீயும் வந்தாய். "இது குறுக்கு வழியில்லையா டாக்டர்?" என்று கேட்டாய். "சுகருக்கு அம்மா ஊசி போட்டுக்கிறாங்களே, அதுவும் குறுக்கு வழிதானா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவர் எதையும் மறைக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம், ரத்தம் வரலாம், காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்தும் உண்டு, அபூர்வம்தான் என்றார். எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. ஆயுசுக்கும் சத்து மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நெஞ்செரிச்சல் வரலாம். இனிப்பையும் ஐஸ்கிரீமையும் வழுக்கி வழுக்கி உள்ளே விட்டால் இத்தனைக்குப் பிறகும் எடை திரும்பிவிடும். "நான் ஒரு வேலியத்தான் போட்டுக் குடுப்பேன், வெள்ளாமை நீங்கதான் பாக்கணும்" என்றார். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க நடந்தே ஆக வேண்டுமாம். வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருந்தது. நீ டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாய். நடை வராத குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி, "மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அந்த வராந்தாவில் நீ என்னோடு நடந்த நடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதும்போது இதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

அப்புறம்தான் பாடு. முதலில் தண்ணீர், அதுவும் மிடறு மிடறாக. பிறகு இளநீர், மோர், வடிகட்டின பருப்புத் தண்ணீர். பிறகு குழைவாக. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. மென்று கூழான பிறகுதான் விழுங்க வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அடைக்கும், வாயில் நுரையாக எச்சில் ஊறும், அப்புறம் வாந்திதான். பசி போய்விட்டது, ஆனால் ஆசை போகவில்லை. இது இரண்டும் வேறு வேறு என்று ஐம்பது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தபோது வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு இருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதுவும் முன்னாடியே சொன்னதுதான், முளைத்துவிடும் என்றார்கள். ஆனால் சுகர் ஊசி நின்றது. தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்திருப்பது நின்றது. குனிந்து என் கால் விரலில் மெட்டியை நானே திருகிப் போட்டுக்கொண்டேன். உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பழங்காநத்தத்தில் பெயிண்ட் கடையைத் திறக்கப் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் நாம் என்ன செய்தோம்? கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊருக்குச் சொன்னோம். அது உன் யோசனை, ஆனால் நானும் ஒத்துக்கொண்டேன். கர்ப்பப்பையை எடுத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பொம்பளைக்கு அது நடக்கிறதுதான். உடம்பைக் குறைக்க வயிற்றை வெட்டினாள் என்றால் சிரிப்பார்கள் என்றாய். அந்தச் சமயம் பார்த்துத்தான் சுகன்யா வரன் கூடி வந்தது. "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாய். பொய்க்கு ஒரு இடம் கொடுத்தால் அது நம் வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், சுகன்யாவுக்கும் தெரியும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் பேச்சு முடியும்வரை கை நனைக்க மாட்டோம். பச்சைத் தண்ணீரோடு சரி. பிடித்துப்போய் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் இலையில் உட்காருவோம். இலையில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் ஏதோ மனத்தாங்கல். அதிலும் மாப்பிள்ளையின் அம்மா எப்படிச் சாப்பிடுகிறாள் என்பதைத்தான் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பேசி முடித்த அன்று, ஒத்தக்கடையில் பெண் வீட்டில் இலைபோட்டு உட்கார்ந்தபோது, எனக்கு நேர் எதிரே சுகன்யாவின் அம்மா கரண்டியோடு நின்றார். நம் பேரையூர் அத்தை என் காதுக்குள், "நல்லாச் சாப்பிடு மதினி, மிச்சம் வச்சன்னா தப்பா நெனைப்பாக" என்றாள். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது மூன்று வாயோடு நிறுத்திக்கொள்வேன் என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. கேசரி வைத்தார்கள், சாப்பிட்டேன். உளுந்த வடை வைத்தார்கள், "எங்க கையால இன்னும் ஒண்ணு மதினி" என்று இன்னொன்றும் வைத்தார்கள். மெல்லாமல் விழுங்கினேன். சாம்பார்ச் சோறு வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து கொல்லைக் குழாயடிக்கு ஓடினேன். சம்பந்தி வீட்டு முதல் சாப்பாட்டை அவர்கள் கண்முன்னால் அவ்வளவையும் வாந்தி எடுத்தேன்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சமாளித்தாய். அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் பெண்கள் கணக்குப் போடுவார்கள், தம்பி. கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். உடம்பு பாதியாக இளைத்திருக்கிறது. தலையில் முடி இல்லை. சோறு தங்கவில்லை. கல்யாணத்தையோ சீக்கிரம் வைக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் கூட்டினால் என்ன வரும்? அடுத்த வாரம் தரகர் உங்கப்பா கடைக்கு வந்து, "பொண்ணு வீட்ல கொஞ்சம் யோசிக்கிறாக அண்ணே, எதுன்னாலும் மனசுல வச்சுக்காம சொல்லிருங்க" என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். உங்கப்பா உனக்குப் போன் பண்ணினார். நீ, "பேசாம இருங்கப்பா, தானாச் சரியாயிரும்" என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது உன் குரல் எப்படி மாறுகிறது என்று எனக்குத் தெரியும். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என் தொழில். நம் பொய்யால் நீ அவளை இழப்பதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியாது.

மறுநாள் காலையில் நானே பஸ் ஏறிவிட்டேன். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இன்னொரு அம்மா. அந்த அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை, நகர்ந்து உட்காரச் சொல்லவில்லை. ஊரை ஒட்டி நிற்கிற யானைமலை கண்ணில் படும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். ஒத்தக்கடையில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டினால் சுகன்யாவின் அம்மா என் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மதினி. மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த வியாதிதான?"

"எந்த வியாதி?"

"அதான் மதினி…" என்று சொல்லிவிட்டு, பேரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "புத்துநோய் எல்லாம் இல்ல மதினி. எனக்கு வயித்தச் சின்னதாக்கியிருக்கு" என்று ஆரம்பித்து, நாற்காலி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. புடவையை விலக்கிக் காட்டினேன். சின்னச் சின்னத் தழும்புகள், பெரிய வெட்டு ஒன்றும் இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டாவது வடைய வச்சிருப்பேனா?" என்று கேட்டாரே பார்!

கதவுக்கு வெளியே சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, "அப்ப நீங்க எம்புட்டுத்தான் சாப்பிடலாம் அத்தை?" என்றாள். நான் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் மோர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தாள். நான் மெதுவாக மென்று சாப்பிட்டேன். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். கிண்ணம் காலியானதும் அவள் அம்மாவின் கை தானாகச் சோற்றுக் கரண்டிக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டார். வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் போடாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே. அன்றைக்குத்தான் தம்பி, அந்த வீட்டில் நான் கை நனைத்தேன். கிளம்பும்போது, "கல்யாண வேலையப் பாருங்க மதினி" என்றார். வாசல்வரை வந்து, யாருக்கும் கேட்காமல், "எனக்கும் மூட்டு வலிதான். அந்த டாக்டரு எல்லாரையும் பாப்பாரா?" என்றும் கேட்டார். "பாப்பாரு, ஆனா எல்லாருக்கும் பண்ண மாட்டாரு. போயிக் கேளுங்க, கூட நான் வாரேன்" என்றேன்.

இதைத்தான் நீ போனில் கேட்டிருக்க வேண்டும். நான் உன் மானத்தைக் கொண்டுபோய் ஒத்தக்கடையில் கொட்டினேன் என்று நினைக்கிறாய். உன் கல்யாணத்தை அங்கேயிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

இனி, நான் இதுவரை சொல்லாத ஒன்று. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ரேங்க் கார்டு கொடுக்கிற நாளில் அம்மா அப்பா யாராவது வர வேண்டும் என்றார்கள். நான் லீவு போட்டு, மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தேன். உன் வகுப்பு வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சார் உன்னிடம், "எங்கடா உங்கம்மா?" என்றார். நீ ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு டியூட்டி சார், வரல" என்றாய். நான் அப்படியே திரும்பி நடந்துவிட்டேன். அதற்காக உன்னை நான் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. நீ சின்னப் பையன், பையன்கள் சிரிப்பார்கள் என்று பயந்தாய். ஆனால் வலித்தது, தம்பி. ரொம்ப வலித்தது. நேற்று "ரூம்லயே குடிச்சுக்க" என்றாயே, அப்போது அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே இருந்தது. இப்போது நீ சின்னப் பையன் இல்லை. எனக்கும் மூச்சு வாங்கவில்லை. இந்தத் தடவை நான் திரும்பி நடக்கப் போவதில்லை.

உனக்கும் சுகன்யாவுக்கும் சேர்த்துச் சில விஷயம் சொல்கிறேன். உன் உடம்பு என் உடம்பு. நீயும் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் பார்க்கிறாய், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பீட்சா வரவழைக்கிறாய், எடை என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். உனக்கு இன்னும் ஆபரேஷன் பேச்செல்லாம் வேண்டாம், வாயைக் கட்டுவதும் நடப்பதும் பலிக்கிற வயது உனக்கு இருக்கிறது. நாளைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார். ஆனால் பண்ணியும் குறையாவிட்டால் உன்னையே திட்டிக்கொண்டு என்னைப்போல் காலத்தைக் கடத்தாதே, டாக்டரிடம் போ. போவதில் வெட்கம் எதுவும் இல்லை. சுகன்யா, நீ இவனுக்கு ஆசையாகச் சமைத்துப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. போதும் என்று அவன் சொன்னால் அதை உன்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவன் தட்டில் மிஞ்சியதை வீணாகிறதே என்று நீ எடுத்து வாயில் போடாதே. அதை நாய்க்கு வை, இல்லையென்றால் கொட்டு. கொட்டினால் பாவம் என்று யாராவது சொன்னால் மாமியார் சொன்னாள் என்று சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். மற்ற பொய்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆபரேஷன் ஒரு மந்திரமும் இல்லை. நாளைக்கே நான் ஏமாந்தால் எடை திரும்பி வரும், எனக்குத் தெரியும். ஒவ்வொரு வேளையும் நான் தட்டின்முன் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்கிறேன். இனி எந்த இலையிலும் யார் முகத்துக்காகவும் நான் விழுங்கப்போவதில்லை. அதே நேரம் எந்தப் பந்தியையும் விட்டுத் தள்ளி உட்காரப்போவதும் இல்லை. சாப்பாடு குறைந்ததற்காக நான் மனிதர்களிடமிருந்தும் குறைந்துபோக வேண்டுமா என்ன?

ஆகவே இதைக் கேள். உன் கல்யாணத்தன்று முதல் பந்தியில் உனக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போடச் சொல். நாற்காலி ஒன்று போதும். யாராவது பழக்கத்தில் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடு. நான் இரண்டு கரண்டி சோற்றோடு, உங்களோடு பேசிக்கொண்டு, பந்தி எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். பேரையூர் அத்தை பாயசத்தை எடுத்துக்கொண்டு வருவாள், அவள் வராமல் இருக்க மாட்டாள். "மகன் கல்யாணத்துல கூட வேணாம்ங்கிற, என்ன மதினி இது?" என்று கரண்டியைச் சாய்ப்பாள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். நீதான் என் இலைக்கு மேலே கையை நீட்டி, "அம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு அத்தை. அம்மாவுக்கு இம்புட்டுப் போதும்" என்று சொல்ல வேண்டும். கடைசி இலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொல்.

அன்றைக்கு எனக்கு டியூட்டி எதுவும் இல்லை. நான் வந்திருப்பேன்.

உன் அம்மா
திருநகர், மதுரை